வாடாதவா, வாழாதவா

தம்பிகளா, மெயின் சுவிட்சை அணைத்து ஒரு கல்யாணத்தில் அடிதடியைத் தடுத்த கதையை என் வாயால் கேட்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். மந்தாரக்குப்பம் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். வேனில் ஸ்பீக்கர் பாக்ஸ் ஏற்றும்போது சொல்லியிருக்கிறேன். போன தீபாவளிக்கு உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தபோதுகூட, முறுக்கைக் கையில் கொடுத்துவிட்டு அதையேதான் ஆரம்பித்தேன். "மைக்செட்டண்ணனுக்கு என்னா சமயோசிதம்!" என்று நீங்களும் தலையாட்டினீர்கள்.

அந்தக் கதையில் பாதிதான் எனக்கே தெரிந்திருந்தது. மீதி போன மாதம்தான் தெரிந்தது. வாயால் சொல்லப் போனால் பழைய ருசியிலேயே சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒயர் இழுப்பது, பாக்ஸ் அடுக்குவது, சத்தம் கூட்டுவது குறைப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதெல்லாம் இதில் இல்லை.

நம் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு பாட்டை ஒரே மாதிரி கேட்கிற நாலு பேரை உங்களால் காட்ட முடியாது. ஒரு பிளாக்கில் நாகர்கோவில்காரர் இருப்பார், பக்கத்துக் குவார்ட்டர்ஸில் சேலத்துக்காரர், வேலிக்கு அந்தப் பக்கம் நம் ஊர்க்காரர்கள். ஆளுக்கொரு தமிழ், ஆளுக்கொரு காது. 'பனிக்குப் பயந்தவளே' என்று பழைய பாட்டு ஒன்று உண்டு. மார்கழிக் குளிரில் வெளியே வர மாட்டேன் என்கிற காதலியைப் பற்றியது. சுரங்கத்து ஆட்கள் வீட்டு விசேஷத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், தெரியும். அது மூணு சுழி 'பணி'தான், நைட் ஷிஃப்டுக்குப் பயந்து லீவு போட்ட பெண்ணைத்தான் பாடுகிறான் என்று ஒருவர் சத்தியமே செய்வார்.

"யோவ், அந்தக் காலத்துல எந்தப் பொம்பளய்யா நைட் ஷிஃப்ட் போனா?"

"ஏன், ஆஸ்பத்திரி நர்ஸு போவல?"

பாயசம் ஆறிப்போகிற வரைக்கும் இது ஓடும். நான் சத்தம் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். ராட்சச இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் 'நான் கேட்டதுதான் சரி' என்று மேஜையைத் தட்டுகிறவர்களும் அவர்கள்தான். போதாததற்கு நம் குழாய் ஸ்பீக்கர் வேறு. பாக்ஸில் கேட்டால் பளிச்சென்று இருக்கிற பாட்டு, வாசலில் கட்டிய குழாயில் வந்ததும் மூக்கால் பாடுவதுபோல் ஆகிவிடும். 'ட'வுக்கும் 'ழ'வுக்கும் வித்தியாசமே தெரியாது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி இந்தச் சண்டைகளுக்கென்றே ஒரு பதில் வைத்திருந்தார். "பாடகரு என்னா பாடினாருன்னு உன்ன கேட்டாங்கன்னா, எனக்கும் சரியா கேக்கலீங்கன்னு சொல்லிடுடா. தீர்ப்பு சொன்ன, பாதிப் பேரு அடுத்த விசேஷத்துக்கு வேற செட்டுக்குப் போயிடுவான்" என்பார். அவரிடம் இன்னொரு பாடமும் படித்தேன். முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு காதுகுத்து. கேட்ட பாட்டைப் போடவில்லை என்று ஒரு ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தான். சீட்டில் பாட்டு எழுதிக் கொடுக்க வருகிறான் என்று நான் பேனாவைக்கூட எடுத்து நீட்டினேன். அவன் ஒரே உதை, ஆம்ப்ளிஃபயர் பறந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் விழுந்து வெடித்தது. பந்தல் துணியில் நெருப்புப் பிடித்து, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அதற்கு அப்புறம் முதலாளி என் தலையில் குட்டிச் சொன்னார்: "செட்ட நோக்கி எவனாவது வேகமா வந்துக்கினு இருந்தா, மொதல்ல மெயின ஆஃப் பண்ணு. அவன் யாரு, எதுக்கு வரான்னு அப்புறம் பாத்துக்கலாம்." நல்ல பாடம்தான். பல தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் நான் இந்த இரண்டு பாடங்களையும் ஒரு பிசகும் இல்லாமல் கடைப்பிடித்தேன்.

கல்யாணம் டவுன்ஷிப்புக்குள் ஒரு மண்டபத்தில், கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால். நல்ல வைகாசி வெயில். பெண்ணுக்கு அப்பா சங்கரலிங்கம் சார், சுரங்கத்தில் பெர்மனென்ட், தென்காசிப் பக்கத்துக்காரர். தங்கமான மனுஷன். ஆனால் காது மந்தமாகிவிட்டதால் குரல் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும். 'சாப்பிட்டியளா' என்று கேட்டாலே சண்டைக்கு வருகிறாரோ என்று தோன்றும். கல்யாணம் அவருடைய இளைய பெண்ணுக்கு. கதை மூத்த பெண் கோமதியைப் பற்றியது.

கோமதி ஞானவேலைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். அவன் காடாம்புலியூர் முந்திரித் தோப்புக் குடும்பம், இங்கே கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியனாக வந்துபோனவன். இரண்டு வீட்டுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டவில்லை. இவர்கள் பேச்சு அவர்களுக்குக் கிண்டலாகப் பட்டது, அவர்கள் பேச்சு இவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. மாமியாரோடு ஏதோ வாக்குவாதம், ஒருநாள் கோமதி அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். வந்தவள் வந்தவள்தான், வருஷம் இரண்டு ஓடிவிட்டது. அப்படிப் பிறந்த வீட்டில் வந்து இருக்கிற பெண்ணுக்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த 'வாழா' என்கிற எழுத்துகளை அவள் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள். வாழைப்பழம் என்று சொல்லக்கூட யோசிப்பார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று காலையில் நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது கோமதி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இத உங்க டேபிளுக்கு அடியில வச்சுக்கட்டுமா? பந்தி முடிஞ்சதும் எடுத்துக்கறேன். ஊருக்குப் போறேன்."

"எந்த ஊரும்மா, தென்காசியா?"

"காடாம்புலியூர்ணே" என்றாள். சொன்னவுடனே சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது. பிறகு சமையல்காரர்தான் எனக்கு விவரம் சொன்னார். பெரியவர்கள் நாலு பேர் நடையாய் நடந்து பேசி முடித்திருக்கிறார்கள். ஞானவேல் அவன் அம்மாவோடு கல்யாணத்துக்கு வருவான், எல்லார் முன்னாலும் சாப்பிடுவான், போகும்போது கோமதியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான். அன்றைக்குத் தங்கச்சிக்கு மட்டும் கல்யாணம் இல்லை, அக்காவுக்கும் வாழ்க்கை திரும்பக் கிடைக்கிற நாள். கேட்டதும் எனக்கே சந்தோஷமாகிவிட்டது, பையை மிதிபடாத மூலையாகப் பார்த்துத் தள்ளி வைத்தேன்.

தாலி கட்டி முடிந்து கொஞ்ச நேரத்தில் காடாம்புலியூர் வேன் வந்தது. சங்கரலிங்கம் சார், கோமதியையே சந்தனத் தட்டோடு வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார். இரண்டு அத்தைமார்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. முதலில் ஞானவேல் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போய் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தான். அவனோடு வந்த ஆண்களும் அங்கேயே உட்கார்ந்தார்கள். அடுத்து அவன் அம்மாவும் மாமாவும் வாசற்படியில் கால் வைத்தார்கள். அந்த நேரம் பென்டிரைவில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்ததில் அடுத்த பாட்டு வந்தது. என் குத்தமும் இல்லை, யார் குத்தமும் இல்லை, அதன் முறை வந்தது, அவ்வளவுதான். பாட்டின் முதல் வரி 'வாடாத பூவொன்று வாசல் வந்து நிக்குது'.

வாசலுக்கு மேலே கட்டியிருந்தது குழாய். அந்த அம்மா காதில் விழுந்தது, 'வாழாத பூவொன்று வாசல் வந்து நிக்குது'.

அந்த அம்மா குழாயைப் பார்த்தாள். தட்டோடு நிற்கிற மருமகளைப் பார்த்தாள். பின்னால் யாரோ ஒரு பொடியன் களுக்கென்று சிரித்துத் தொலைத்தான்.

"இன்னா பாட்டு இது? எங்க வூட்டுல வாழலன்னு கொழா கட்டி ஊருக்கே சொல்லிக்கினு இருக்கீங்களா? இதுக்குத்தான் வண்டி வச்சிக்கினு வரச் சொன்னீங்களா?"

சங்கரலிங்கம் சார் மேடைப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். "அது வாடாத! வாடாத பூ! நல்லாக் காதக் குடுத்துக் கேளுங்கம்மா!"

"என் காது நல்லாத்தான் இருக்குது. மிஷின் பக்கத்துல நின்ன காது உங்களுதுதான்."

நான் சட்டென்று பாட்டை நிறுத்தி, வெறும் நாதஸ்வரம் போடப் போனேன். சார் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்: "அண்ணாச்சி, மாத்தாதீங்க! திரும்பப் போடுங்க!"

"வேணாம் சார், விட்டுடலாம் சார்."

"இப்ப மாத்தினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா! போடுங்கன்னா போடுங்க!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நிறுத்தினால் குத்தம் ஒப்புக்கொண்டதாகும், போட்டால் மறுபடியும் அந்தப் பெண்ணின் தலையில் விழும். நான் போட்டேன். பாதிப் பேர் வாடாத என்றார்கள், பாதிப் பேர் வாழாத என்றார்கள். மறுபடியும் போட்டேன், மறுபடியும் அதே பாதி.

அதற்கப்புறம் அது கோமதியின் விஷயமாகவே இல்லை, வழக்கமான பாட்டுச் சண்டை ஆகிவிட்டது. ஒவ்வொருவராக இலையை விட்டு எழுந்து வந்தார்கள். ரிட்டயர்டு தமிழாசிரியர் ஒருவர், பூவுக்கு வாடுதல்தான் உண்டு, வாழுதல் மரபில்லை என்று இலக்கணம் பேசினார். திருநெல்வேலிக்காரர் ஒருவர், "அந்தப் பாடகருக்கு ழகரமே வராதுவே. அவரு பாடியிருந்தா வாளாதன்னுதான் வரும். இது டகரம்தான்" என்று அடித்துச் சொன்னார். ஆளாளுக்குச் செல்போனை எடுத்தார்கள். ஒன்றில் வாடாத என்று இருந்தது. இன்னொன்றில், எவன் கேட்டு எழுதினானோ, வாழாத என்று இருந்தது. மூன்றாவதில் பாட்டை ஆங்கில எழுத்தில் போட்டிருந்தான், அதைப் படித்தால் வாடாதவா வராதவா வடையா என்றே தெரியவில்லை. இதற்கு ஒரு சிரிப்பு. ஞானவேலின் மாமா மட்டும் சிரிக்காமல் நிதானமாகக் கேட்டார்: "வாழாதது வாசல்ல வந்து நிக்கறதுல அர்த்தம் இருக்குதுங்க. வாடாதது எதுக்குங்க வாசல்ல வந்து நிக்கப் போவுது?"

'ஆமால்ல' என்று இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். கோமதி தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல், உள்ளே போகவும் முடியாமல் அங்கேயே நின்றாள். அவளிடம் இருந்து தட்டை வாங்கவேண்டும் என்று அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

என் கழுத்தில் ஹெட்போன் இருந்தது. அதில் கேட்டால் சந்தேகமே கிடையாது, கண்ணாடிபோல் வாடாத. "மைக்செட்டண்ணே, நீங்க சொல்லுங்க, என்னா பாடறாரு?" என்று கேட்டுக்கொண்டு நாலைந்து பேர் வந்தார்கள். முதலாளியின் பாடம் வாயில் தயாராக இருந்தது. "எனக்கும் சரியா கேக்கலீங்க" என்றேன்.

அப்போதுதான் ஞானவேல் எழுந்தான். அதுவரை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, தாடையை இறுக்கிக்கொண்டு, நேராக என் மேஜையை நோக்கி வேகமாக வந்தான். நடுவில் கூட்டம். அந்தப் பக்கத்திலிருந்து சங்கரலிங்கம் சார் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி ஏதோ கத்தினார், பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. என் கண்ணில் முத்தாண்டிக்குப்பம்தான் தெரிந்தது. பந்தல் துணி எரிந்தது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினது, எல்லாம். என் கை தானாக மெயினுக்குப் போனது.

குழாய் நின்றது, பாக்ஸ் நின்றது. மண்டபத்து ஃபேன்களில் ஒரு வரிசை என் லைனில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. காடாம்புலியூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தது அந்த வரிசைக்குக் கீழே.

ஞானவேல் மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். என்னைப் பார்த்தான். அணைந்துபோன மிக்சரைப் பார்த்தான். திரும்பி மாமனாரைப் பார்த்தான், அவர் கை இன்னும் மேலேயே இருந்தது. வாசலைப் பார்த்து நடந்தான்.

"பாத்தியாடா? நீ கிட்ட போறதுக்குள்ள கரண்டயே புடுங்கிட்டாங்க! நமக்குக் காத்து குடுக்கக்கூட மனசு இல்ல!" என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். இலை போட்டிருந்தது போட்டபடி இருக்க, அவர்கள் அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

கோமதி தட்டைத் தரையில் வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். குனிந்து பையை இழுத்தாள். பையின் காதில் ஸ்பீக்கர் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, இறுகிக்கொண்டே போனது. "இரும்மா, இரும்மா" என்று நான் அவிழ்த்துக் கொடுத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். வேன் திரும்பிவிட்டிருந்தது. வெயிலில் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். பையை மறுபடியும் அதே மூலையில் வைத்தாள். "இங்கயே இருக்கட்டும்ணே" என்றாள்.

எல்லாம் முடிந்த பிறகு சமையல்காரர் வந்து என் தோளைத் தட்டினார். "நீங்க மட்டும் மெயின அணைக்கலன்னா இன்னிக்கு மண்ட உடைஞ்சிருக்கும்ணே" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. ஒரு பெரிய அடிதடியைத் தடுத்தோம், செட்டையும் காப்பாற்றினோம். அன்றிலிருந்து அதை அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்களும் கேட்டீர்கள்.

போன மாதம் செட்டை உங்களிடம் ஒப்படைப்பதற்கு முன்னால், பாக்ஸுகளுக்குப் புது உறை தைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கிழிந்த உறையோடு கொடுத்தால் பின்னால் என்னைத்தானே பேசுவீர்கள்! மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்குள் நுழைந்து அளவு சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கினாள்.

"மைக்செட்டண்ணே தான? குரல வச்சே கண்டுபுடிச்சுட்டேன்."

கோமதி. காதோரம் நரைத்திருந்தது. கடை அவளுடையதுதான், உதவிக்கு இரண்டு பெண்கள் வைத்திருக்கிறாள். ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னாள், டீ சொன்னாள். அப்பா ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து தென்காசிப் பக்கம் போய்விட்டார், நான் போகவில்லை, இங்கேயே மேலே ரூம் எடுத்து இருக்கிறேன் என்றாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இருக்காரு. நல்ல நாள் பெரிய நாள்னா போன் பண்ணுவேன்" என்று சொல்லி முடித்துக்கொண்டாள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? பெருமை அடிக்கிற வாய் இது.

"அன்னிக்கு நான் மட்டும் அணைக்கலன்னா உன் வூட்டுக்காரரு என் மிக்சர எட்டி உதைச்சிருப்பாரும்மா. நல்லவேள."

அவள் மிஷினை நிறுத்தினாள். "உதைக்கவா? அவரு மைக்கக் கேக்கத்தான்ணே வந்தாரு."

எனக்குப் புரியவில்லை. "மைக்கயா?"

"கோர்ட்டுல கையெழுத்து போட வந்தப்ப சொன்னாரு. 'எல்லாரும் அதையே போட்டுக் கிழிச்சிக்கினு இருந்தாங்க, நீ நிக்கறதப் பாக்க முடியல, மைக்க வாங்கி ரெண்டு வார்த்த பேசலாம்னு எழுந்து வந்தேன், உங்கப்பா கையக் காட்டி கரண்ட நிறுத்திட்டாரு, அதுக்கு மேல நான் எப்படி நிக்கறது'ன்னாரு."

"என்ன பேச வந்தாராம்?"

"நானும் கேட்டேன். 'இப்ப எதுக்கு அது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்புறம் அவருக்கு வேற கல்யாணம் ஆயிடுச்சு, நானும் கேக்கல."

தம்பிகளா, இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துபோவேன். பாடகர் என்ன பாடினார் என்று அத்தனை பேரும் அன்றைக்கு நெற்றி நரம்பு புடைக்கக் கத்தினோம். அது ரெக்கார்டு, எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம், நாளைக்கும் கேட்கலாம். ஞானவேல் சொல்ல வந்ததை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்க முடியும். அதை யாரும் கேட்க முடியாமல் போனது என் கையால். யாராவது உங்கள் மேஜையை நோக்கி வேகமாக வந்தால், பாட்டை மட்டும் இறக்குங்கள். ஒரு மைக்கை எப்போதும் உயிரோடு வைத்திருங்கள். வருகிறவன் கோபக்காரனாகவே இருந்தாலும் அதை எடுத்து அவன் பக்கம் நீட்டுங்கள். உதைத்தால் உதைக்கட்டும், செட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். என் முதலாளி உயிரோடு இருந்தால் இதற்கும் என் தலையில் குட்டுவார். குட்டட்டும்.

கடையில் டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை. கோமதி துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்பா கையக் காட்டித்தானண்ணே நிறுத்துனீங்க?"

"இல்லம்மா. அவரு எதுக்குக் கையத் தூக்கினாருன்னே எனக்குத் தெரியாது. நான் அவரப் பாத்துக்கூட நிறுத்தல. பயந்துபோயி நானாத்தான் நிறுத்தினேன்."

"அப்பா சொல்லலயா?"

"சத்தியமா சொல்லலம்மா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வழி விடச் சொல்லித்தான் கையத் தூக்கினேன், மாப்பிள்ளைக்கு வழி விடுங்கன்னுதான் கத்தினேன்னு அப்பா எத்தனையோ தடவ சொன்னாருண்ணே. அழுதுகூடச் சொன்னாரு. கட்டினவரும் நம்பல, நானும் நம்பல. ஊருக்குக் கூப்பிட்டப்ப, உங்களாலதான் எல்லாம் போச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு இங்கயே இருந்துட்டேன்." எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக நான் டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன கதை, தென்காசிப் பக்கத்தில் ஒரு மனுஷனை மகளிடம் பொய்யனாக உட்கார வைத்திருக்கிறது. ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரிக்கணும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கோமதி செல்போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, அவர் காது மந்தம் என்பதால் வாயருகே வைத்துக்கொண்டு கத்தினாள்.

"அப்பா! மைக்செட்டண்ணே வந்திருக்காருப்பா! அன்னிக்குக் கரண்ட நிறுத்தச் சொன்னது நீங்க இல்லன்னு சொல்றாருப்பா!"

"யாரு? என்னம்மா? ஒண்ணும் கேக்கலயே!"

மற்ற இரண்டு பெண்களும் மிஷினை நிறுத்தினார்கள். கோமதி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். "எந்தக் கரண்டு?" என்றார். "தங்கச்சி கல்யாணத்துலப்பா! அந்தப் பாட்டு! வாசல்ல போட்டாங்கல்ல, அந்தப் பாட்டுப்பா!"

அப்புறம் அந்தப் பழைய உச்சக் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"அது வாடாததாம்மா! நான் அன்னைக்கே சொன்னேம்லா! வாடாத பூம்மா அது, வாடாத பூ!"

கோமதி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் வேறாகக் கேட்டுக்கொண்டதைத் திருத்தவில்லை.

"ஆமாப்பா, வாடாததான்" என்று அவருக்குக் கேட்கும்படி கத்தினாள். "நீங்க சொன்னதுதான்ப்பா சரி."